தூண் இல்லாத வாசல்

அவரு ஊரைப் பாக்குறதே தனி தினுசு. ஒரு கண்ணை மூடிக்குவாரு. கைய நீட்டி, கட்டைவிரலை நிமித்தி, எதிர்ல இருக்கிற எதையாவது ஒண்ணை மறைச்சிக்குவாரு. தண்ணித் தொட்டியோ, கொடியில காயுற பொடவையோ, ஒடைஞ்ச கைப்பிடிச் சுவரோ, எது அவரு கண்ணுக்கு ஆவலையோ அது விரலுக்குப் பின்னால போயிடும். "இப்பப் பாரு, இது இல்லன்னா ஊரு எப்பிடி இருக்கு!"ன்னுவாரு. விரலு அவரு கண்ணுக்குத்தான் மறைக்குது, எங்களுக்கா மறைக்குது? தலையில சல்லி சட்டியோட நிக்கிற எங்களுக்கு எல்லாம் இருந்தபடியேதான் தெரியும். இருந்தாலும் "ஆமாம் முசியே, சோக்கா இருக்குது"ன்னு சொல்லிட்டு நடையக் கட்டுவோம்.

பேரைச் சொல்ல மாட்டேன். அவரோட ஜனம் இன்னும் ஊர்ல இருக்குது. பிரஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சவங்களை அப்ப நாங்க முசியேன்னுதான் கூப்புடுவோம், நானும் அப்பிடியே சொல்லிட்டுப் போறேன். வெள்ளைக்காரன் போனதுக்கு அப்பறமும் கொஞ்ச நாளு சர்க்கார் ஆபீசுல படம் வரைஞ்சாரு. மேல இருந்தவரோட சண்டை. வேலையை விட்டுட்டு வெளிய வந்து தனியா வீட்டு பிளான் போட்டுக் குடுத்துக்கினு இருந்தாரு. எஞ்சினீயர் பட்டம் கெடையாது, கைதான். எதைப் பேச ஆரம்பிச்சாலும் "நாளைக்கு ஊரு எப்பிடி இருக்கும் தெரியுமா"ன்னு வந்து நிப்பாரு. அதனால எங்க ஆளுங்க அவருக்கு நாளைக்காரருன்னு பேரு வச்சிட்டாங்க. சம்பளம் கேட்டா நாளைக்குன்னு சொல்ற மேஸ்திரிங்களைப் பாத்த வாயி, சும்மா இருக்குமா?

நான் சித்தாளு. எங்க வீட்டுக்காரரு மில்லுல இருந்தாரு. இருமி இருமியே போயிட்டாரு. பொணத்தைத் தூக்குற வரைக்கும் எனக்கு ஒரு சொட்டுத் தண்ணி கண்ணுல வரல. எங்க நாத்தனார்க்காரி நடுவீட்டுல நின்னுக்கினு "கல்லு நெஞ்சுக்காரிடி நீ"ன்னா. இருக்கும்னு நெனைச்சிக்கினேன். எட்டு வயசுப் பொண்ணைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு, அரியாங்குப்பத்துலேர்ந்து பாலத்தைத் தாண்டி நடந்து வந்து, டவுன்ல சித்தாளுங்க நிக்கிற மூலையில நின்னேன். எழுபத்தி மூணோ நாலோ இருக்கும். ஆத்தைத் தாண்டி வரச்சே தண்ணி இருந்தாலும் இல்லன்னாலும் ஒண்ணுதான். சோறு தின்னா ருசி தெரியாது. கல்லு காலு மேல விழுந்தா குனிஞ்சி பாப்பேன், அவ்வளவுதான். உள்ள எல்லாம் மரத்துப் போயி கெடந்துச்சி.

அந்த நேரத்துல அவரோட வேலைங்களுக்கு எங்க செட்டைத்தான் கூப்புடுவாங்க. ஒரு மேஸ்திரி, நாலு கொத்தனாரு, பூங்காவனம், நான், இன்னும் அஞ்சாறு பொம்பளைங்க. பூங்காவனத்துக்கு வாயி ஓயாது. எனக்கும் சேத்து அவளே பேசிடுவா.

அவரோட வேலையில எப்பவும் ஒரு வம்பு இருக்கும். உழவர்கரையில ஒரு வாத்தியாருக்கு வீடு. மேல தண்ணித் தொட்டி தெரிஞ்சா வீடு கெழவி மாதிரி தலையில கொடத்தோட நிக்குதுன்னு சொல்லி, தொட்டியைத் தாழக் கட்டி முன்னால சுவரு எழுப்பி மறைச்சிட்டாரு. ரோட்டுலேர்ந்து பாத்தா சோக்காத்தான் இருந்துச்சி. மாடி கொழாயைத் தெறந்தா காத்து வருது. வாத்தியாரு துண்டோட வந்து நின்னு, "ஐயா, தண்ணி நாளைக்கு வருமா?"ன்னு கேட்டாரு. நாங்க சிரிச்ச சிரிப்புல பூங்காவனத்துக்குப் புரையேறிப் போச்சி. முசியேக்கு மட்டும் சிரிப்பு வரல. ரோட்டுக்குப் போயி ஒரு கண்ணை மூடி வீட்டைப் பாத்துக்கினு நின்னாரு.

அவரு வீட்டம்மா பாடு அதைவிட மோசம். மாடியில கொடி கட்டக்கூடாதுன்னு சட்டம். துணியெல்லாம் உள்ரூம்புல, நாத்தமடிக்கக் காயணும். "கொடி இருந்தா அது இன்னிக்கு. இல்லன்னா அது நாளைக்கு"ன்னு அவரு வேதம் ஓதுவாரு. ஒரு நாளு சாமான் எடுக்கப் போனப்ப அந்தம்மா எங்ககிட்ட ஆத்திரத்தைக் கொட்டிட்டாங்க. "இந்த மனுசனுக்கு நாளைக்கு வீடு. எனக்கு இன்னிக்குப் பாவாடை ஈரம். மாதாவே, எனக்குன்னு இப்பிடி ஒரு ஆளா வந்து வாய்க்கணும்!"

எது இருந்தா ஒரு ஊரு நாளைய ஊரு மாதிரி தெரியும், எது இருந்தா தெரியாதுன்னு அவருக்கு ஒரு கணக்கு இருந்துச்சி. ஒசரம் இல்ல. அதை அடிச்சிச் சொல்லுவாரு. மெட்ராசுல பதினாலு மாடி நிக்குதுன்னு மேஸ்திரி வாயைப் பொளந்தா, "மாடியை எண்ணாதய்யா. அது கீழ எப்பிடி நிக்குதுன்னு பாரு"ம்பாரு. வடக்கால செம்மண் மேட்டுல வெளிநாட்டுக்காரங்க புதுசா ஒரு ஊரு கட்டுறாங்க, உருண்டையா என்னமோ வருதுன்னு பேச்சு வந்தப்ப சைக்கிள்ல போயி பாத்துட்டு வந்தாரு. "அவங்க நாளைக்குன்னு தனியா ஒரு ஊரு கட்டுறாங்க. நான் கேக்கறது இந்த ஊருக்கே நாளைக்கு"ன்னாரு.

ஒரு தடவை கடற்கரைப் பக்கம் வேலை. மத்தியானச் சோத்துக்கு எங்களைக் கடலுக்குள்ள நீட்டிக்கினு இருக்கிற கப்பல் பாலத்துக்குக் கூட்டிக்கினு போனாரு. கடைசி வரைக்கும் நடந்து திரும்பி ஊரைப் பாக்கச் சொன்னாரு. "ஆகாசத்தைத் தொடுறது எதுன்னு எண்ணு." கோயில் கோபுரம் ரெண்டு, லைட் அவுசு, தென்னை, தூரத்துல மில்லு புகைக்கூண்டு. பூங்காவனம் எண்ணி முடிச்சா. "எல்லாமே நேத்து. ஒண்ணுகூட நாளைக்கு இல்ல"ன்னாரு. அப்பறம் நாங்க நிக்கிற பாலத்தையே குனிஞ்சி பாத்து, "ச்சே, மரவட்டை மாதிரி எத்தனை காலு!"ன்னு மொகத்தைச் சுளிச்சாரு.

காலு. அதுதான் அவருக்கு ஆவாது. எங்க ஊர்ல கடலோரம் பூரா தூணுதான். வெள்ளைக்காரன் பங்களா, ஆபீசு, எங்க பாத்தாலும் மொத்தமா, உருண்டையா, சுண்ணாம்பு பூசி நிக்கும். வெளியூரு ஜனம் வந்து அண்ணாந்து பாத்துக்கினு போவும். இவரு மட்டும் அந்தத் தெருவுல கட்டைவிரலை எறக்காமயே நடப்பாரு. "பாரத்தைத் தாங்கறேன் தாங்கறேன்னு இப்பிடியா காட்டிக்கிட்டு நிக்கறது? தாங்கணும். ஆனா தாங்கறது வெளிய தெரியக்கூடாது. அதுதான் நாளைக்கு."

"அப்ப நாங்கல்லாம் நாளைக்குத்தான் முசியே. எத்தினி வருசமா தெரியாமத் தாங்குறோம்"ன்னா பூங்காவனம். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு என்னமோ சுருக்குன்னுச்சி, ஆனா அது உள்ள எறங்கல.

அவருகிட்ட நீளமா ஒரு காயிதச் சுருளு இருந்துச்சி. சோத்து நேரத்துல பிரிச்சிக் காட்டுவாரு. கடல்லேர்ந்து பாத்தா ஊரு நாளைக்கு எப்பிடித் தெரியும்னு இருவது வருசமா அவரு வரைஞ்ச படம். கட்டடமெல்லாம் மூலை மழுங்கி வளைஞ்சி கெடக்குது. சன்னலு நாடா மாதிரி சுத்தி ஓடுது. கூரைங்க சுவத்தை விட்டு வெளிய வந்து அந்தரத்துல நிக்குது. ஒரு தூணு கெடையாது. பூங்காவனம் மோவாயைத் தடவிக்கினு, "மனுசங்க எங்க முசியே?"ன்னா.

"உள்ள இருக்காங்க."

"துணி?"

"உள்ள காயுது."

"அடக் கடவுளே, நாளைக்கும் ஈரப் பாவாடைதானா!"

நான் மில்லு புகைக்கூண்டைத் தேடினேன். காணோம். கேட்டேன். "நாளைக்குப் புகை எதுக்கு?"ன்னாரு. அந்தப் படத்துல எனக்குப் புடிச்சது அது ஒண்ணுதான். அதுக்காகவே ரெண்டாந்தரம் காட்டச் சொல்லிக் கேட்டேன், நான் வாயத் தெறந்து ஒண்ணு கேட்டது அந்த வருசத்துல அதுதான்.

அவ்வளவும் காயிதத்துல. அந்த மாதிரி தூண் இல்லாம சிமெண்டுல கட்ட அவருக்கு ஒரே ஒரு தடவைதான் வாய்ச்சிது. பிரஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு பென்சனோட திரும்பினவங்களை எங்க ஊர்ல சொல்தான்னு சொல்லுவோம். அப்பிடி ஒரு சொல்தா, டாக்டருக்குப் படிச்ச மகளுக்காக உழவர்கரை ரோட்டுல ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கட்டுறாரு. பிரான்சுல பாத்த மாதிரி, ரோட்டுல போறவன் நின்னு பாக்குற மாதிரி வேணும்னாரு. முசியே போட்டுக் குடுத்தாரு. வாசலுக்கு மேல பதினாலு அடிக்கு ஒரு கூரை வெளிய நீட்டிக்கினு வருது. அடியில ஒரு தூணு இல்ல. காரு வந்து நிக்கலாம், கும்பலு மழைக்கு ஒதுங்கலாம், எதுவும் கால்ல தட்டாது. சொல்தா சொன்னாரு: "இது நின்னா, இதே ரோட்டுல நான் கட்டப் போற மூணுக்கும் நீங்கதான். நிக்கலன்னா ஊர்ல எவனும் உங்களைக் கூப்புட மாட்டான், சொல்லிட்டேன்."

அவரு வீட்டம்மா அன்னிக்கு எங்ககிட்ட வேற மாதிரி பேசினாங்க. "இருவது வருசமா காயிதத்துலயே கட்டிக்கினு கெடந்தாரு. இதான் மொதல்ல நெசமா. பாத்து செய்யுங்கம்மா"ன்னு ஆளுக்கு ஒரு டம்ளரு காப்பி குடுத்தாங்க.

கம்பி கட்டுற அன்னிக்கு எங்க எல்லாரையும் நிக்க வச்சி பாடம் எடுத்தாரு. வாளி நிறையத் தண்ணி மொண்டு பூங்காவனத்துக்கிட்ட குடுத்து, "கையை நேரா நீட்டிப் புடி"ன்னாரு. புடிச்சா. அஞ்சு நிமிசம் ஆவல, "ஐயோ தோளு போச்சே!"ன்னு கத்தினா.

"எங்க வலிக்குது? தோளு மேலயா, அடியிலயா?"

"மேலதான் முசியே, வுடு."

"அங்கதான் கம்பி வேணும். சாதாரணத் தளத்துக்கு ரெண்டு பக்கமும் தாங்கறதுக்குச் சுவரு இருக்கு, நடுவுல வயிறு தொங்கும், அதனால கம்பி அடியில. இது உன் கை மாதிரி. ஒரு பக்கம்தான் புடி. இதுக்கு வலி மேல. எங்க வலிக்குதோ அங்க கம்பி இருக்கணும். கம்பி கீழ போச்சின்னா கூரையும் கீழதான்."

அப்பறம் என்கிட்ட வாளியக் குடுத்தாரு. நீட்டிப் புடிச்சிக்கினு நின்னேன். கொத்தனாருங்க வேடிக்கை பாத்தாங்க. "எங்க வலிக்குது?"ன்னாரு. "வலிக்கல முசியே"ன்னேன். பொய் சொல்றேன்னு நெனைச்சிச் சிரிச்சாரு. நான் எறக்கல. கையி நடுங்கித் தண்ணி சிந்துது, எனக்குத் தெரியுது, ஆனா வலின்னு ஒண்ணு வந்து சேரல. அவரு சிரிப்பு நின்னுச்சி. ரெண்டு கண்ணையும் தெறந்து என்னை ஒரு பார்வை பாத்தாரு. "எறக்கு. எறக்கும்மா"ன்னு வாளியை அவரே வாங்கி வச்சாரு.

கம்பியை மேல தூக்கிப் புடிக்க அடியில சின்னச் சின்னதா கம்பிக் காலு வளைச்சி வச்சாரு. "இது உள்ள இருக்கிற காலு, வெளிய தெரியாது, பரவாயில்ல"ன்னு அவருக்கு அவரே சமாதானம். அதுங்க மேல ஆளு ஏறினா நசுங்கிடும். அதனால கம்பியில படாம நடுநடுவுல செங்கல்லு அடுக்கி, அது மேல பலகை போட்டுப் பாதை பண்ணாரு. காங்கிரீட் போடுற அன்னிக்குக் கற்பூரம் காட்டினதும் என்னைத் தனியா கூப்புட்டு, "நீ முன்னால போற. பலகையை விட்டு எறங்காத. நீ எறங்கினா பின்னால வர்ற அத்தனை பேரும் எறங்குவாங்க"ன்னாரு. தலையாட்டினேன்.

பாதி வேலையில மானம் கறுத்துக்கினு வந்துச்சி. காங்கிரீட்டை நடுவுல நிறுத்தக் கூடாது. மேஸ்திரி கத்த ஆரம்பிச்சிட்டான். அந்த நேரம் பாத்து ஓரத்துப் பலகை பிதுங்கி, சிமெண்டுப் பால் ஒழுகுது. "முட்டு நழுவுது"ன்னு கீழேர்ந்து சத்தம். முசியே கீழ ஓடினாரு. மேஸ்திரி நாங்க நடக்குற பலகையில நாலை உருவி ஓரத்துக்கு முட்டுக் குடுத்துட்டான். என் எதிர்ல பாதை இல்ல. தலையில சட்டி. "இன்னாடி நிக்கிற, மழை வருதுடி, போ!"ங்குறான். நான் கம்பி மேல காலை வச்சேன். அடியில என்னமோ சாஞ்சிது. கட்டுக்கம்பி மொனை உள்ளங்காலைக் கிழிச்சிது. கொட்டிட்டுத் திரும்பினேன். பின்னால அத்தனை பேரும் என் வழியாவே வந்தாங்க. கம்பி அடிப் பலகையோட ஒட்டிப் படுத்துக்கிச்சி. அது மேல கொட்டி மூடினோம். அவரு மேல வரச்சே எல்லாம் சமமா, அழகா இருந்துச்சி. மழைகூட வரல.

சொல்லியிருக்கலாம். ஈரமா இருந்தப்பவே சொல்லியிருந்தா வாரிப் போட்டுட்டு கம்பியைத் தூக்கியிருப்பாரு. சொன்னா மேஸ்திரி என்னை நிறுத்திடுவான், செட்டுக்கே கெட்ட பேரு. அது ஒரு காரணம்னு சொல்லிக்கலாம். நெசத்தைச் சொன்னா, எனக்கு எதுவுமே பெருசாத் தோணல. கீழ போயி காலைக் கழுவிக்கினேன், சொல்தா வூட்டு பிரியாணியைத் தின்னேன். அதுக்கப்பறம் இருவத்தெட்டு நாளு. அந்தக் கூரைக்கு மேல பாத்தி கட்டித் தினம் தண்ணி ஊத்தினவ நானு. இருவத்தெட்டு நாளும் வாய்ல கொழுக்கட்டை.

கூரையை அடியில தாங்கின முட்டுக்கட்டைங்களை எடுக்குற அன்னிக்கு சொல்தா, அவரு மக, ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் கூடிட்டாங்க. முசியே சலவை சட்டை போட்டுக்கினு வந்தாரு. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தளமா இருந்தாலும் முட்டு எடுக்கச்சே பிளான் போட்டவரு அடியில நிக்கணும். "நான் நம்பலன்னா ஜனங்க எப்பிடி நம்புவாங்க?" அன்னிக்கும் நேரா போயி நடுவுல நின்னு, கையைக் கட்டிக்கினு, "வெளிப்பக்கத்துலேர்ந்து எடு"ன்னாரு.

எனக்கு என்ன ஆச்சின்னு இன்னிக்கும் சொல்லத் தெரியல. வாயைத் தெறந்தா ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும். வாயி வரல, காலு போச்சி. நான் போயி அவரு பக்கத்துல நின்னேன்.

"நீ எதுக்கு வந்த? வெளிய போ."

"நிக்கிறேன் முசியே."

"போம்மான்னா!"

"நீங்க நிக்கிறீங்கல்ல."

பொண்ணு ஞாபகம் வந்துச்சான்னு கேப்பீங்க. வரல. அதை இப்ப நெனைச்சாத்தான் பயமா இருக்குது. மேஸ்திரி மொதல் முட்டைத் தட்டினான். ரெண்டாவது. மூணாவதைத் தட்டினப்ப தலைக்கு மேல டப்புன்னு ஒரு சத்தம். கூரையோட மொனை நாலு விரக்கடை கீழ எறங்கி நின்னுச்சி. மண்ணு கொட்டுது. "முட்டை வை! திரும்ப வை!"ன்னு கத்திக்கினே என்னைப் புடிச்சி வெளிய தள்ளினாரு. அவரு வெளிய வரல. கடைசி முட்டு ஏறுற வரைக்கும் அடியிலயே நின்னாரு.

அப்பறம் மேல ஏறினாரு. சுவத்தை ஒட்டி இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் வெடிப்பு. உளியை வாங்கிக் கொத்திக் கொத்திப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. எறங்கி வந்து, வரிசையா நின்ன எங்களைப் பாத்தாரு. மேஸ்திரி முந்திக்கினான். "பிளான்ல இருந்தபடிதான் சாமி போட்டோம், எம் புள்ளை மேல சத்தியம்!" முசியே பார்வை என் கிட்ட வந்து நின்னுச்சி. நான் என் காலைப் பாத்துக்கினேன். அப்பத்தான் சொல்லணும். அதுதான் நேரம். அந்த மனுசனோட பேரு பூராவும் என் ஒரு வார்த்தையில தொங்கிக்கினு இருந்துச்சி, நான் வாயை மூடிக்கினு நின்னேன்.

அவரு சொல்தா பக்கம் திரும்பி, "தப்பு என்னுது. முன்னால ரெண்டு தூண் வச்சா நின்னுக்கும்"ன்னாரு.

சொல்தா என்னென்னவோ பிரஞ்சுல திட்டினாரு. எங்களுக்குப் புரியல, முசியேக்குப் புரிஞ்சிது. ரெண்டு தூணையும் அவரேதான் வரைஞ்சி குடுத்தாரு. சதுரமா, வெறும் தூணு. அடுத்த மூணு கட்டடத்துக்கும் மெட்ராசுலேர்ந்து எஞ்சினீயரு வந்தான். நாளைக்காரரு பேரு ஊர்ல வேற மாதிரி ஆயிடுச்சி. அவரை யாரும் கூப்புடல. கோர்ட்டுப் பக்கம் ஒரு கடையில ஒக்காந்து அடுத்தவங்க பிளானைப் பாத்து நகல் எடுத்துக்கினு இருந்தாருன்னு கேள்வி.

ஒரு தரம் பெரிய மார்க்கெட்டுல பாத்தேன். பையில முருங்கைக்கா நீட்டிக்கினு இருக்குது. மீன் கடைக்கு மேல ஓட்டை தகரம், தொங்குற சாக்கு, ஒயரு, எவ்வளவோ இருக்குது மறைக்கிறதுக்கு. கட்டைவிரலு எழும்பல. ரெண்டு கண்ணையும் தெறந்து வச்சிக்கினு ஒண்ணையும் பாக்காம நடந்து போனாரு. நான் மூட்டைக்குப் பின்னால ஒதுங்கிட்டேன். இன்னொரு நாளு அவரு வீட்டுத் தெரு வழியாப் போவ வேண்டி இருந்துச்சி. மாடியில கொடி கட்டியிருந்தாங்க. பாவாடை, பொடவை, அவரு வேட்டி, எல்லாம் காத்துல ஆடுது. அதைப் பாத்துட்டு அந்த வெயில்ல அப்பிடியே நின்னேன். எங்க வீட்டுக்காரரு செத்தப்பகூட அப்பிடி நிக்கல.

பதினஞ்சி வருசம் ஓடிப் போச்சி. எம் பொண்ணுக்குத் தலைப் பிரசவம். அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கினு போனோம். உள்ள இடமில்லன்னு என்னை வாசல்ல நிக்கச் சொல்லிட்டாங்க. ராத்திரி பூரா மழை பேஞ்சி விட்டிருந்த காலை நேரம். அந்தக் கூரைக்கு அடியில முப்பது பேரு நிக்கிறாங்க. வெத்தலை போட்டவங்க விரலைத் தடவித் தடவி ரெண்டு தூணும் இடுப்பு ஒசரத்துக்குச் சுண்ணாம்பா கெடக்குது. எதிர்த்தாப்புல வீட்டு மாடிங்க மேலயெல்லாம் டி.வி. ஆன்டெனா மீன் முள்ளு மாதிரி நிக்குது. நான் ஒரு தூணுல முதுகைச் சாச்சிக்கினு இருந்தேன்.

சைக்கிளைத் தள்ளிக்கினு ஒரு கெழவரு வந்தாரு. ஓரமா நிறுத்திட்டு அண்ணாந்து கூரையோட அடிப்பக்கத்தைப் பாத்தாரு. சுவத்தை ஒட்டி இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் மெதுவா பாத்துக்கினே வந்தாரு. பக்கத்துல வந்ததும்தான் யாருன்னு தெரிஞ்சிது.

"முசியே."

என்னைப் பாத்தாரு. மறந்திருப்பாருன்னு நெனைச்சேன். "அரியாங்குப்பம்"ன்னாரு. அப்பறம், "மழை முடிஞ்சா வருசா வருசம் வந்து பாப்பேன். எறங்கல, நல்லா இருக்கு"ன்னாரு.

அதுக்கு மேல வச்சிக்க முடியல. பலகையை உருவினது, நான் எறங்கினது, அடியில சாஞ்சது, எல்லாம் சொல்லிட்டேன். சுத்தி ஜனம் நிக்குதேன்னுகூடப் பாக்கல. அவரு கேட்டுக்கினு இருந்தாரு. நான் முடிச்சதும், "தெரியும்"ன்னாரு.

"எப்பிடி?"

"முட்டு எடுக்கச்சே வந்து பக்கத்துல நின்னியே. கூரை நிக்கும்னு நம்புறவ வெளிய நின்னு வேடிக்கை பாப்பா. விழும்னு தெரிஞ்சவதான் உள்ள வந்து நிப்பா."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே முசியே. உங்க பேரு போச்சே."

"நீ வந்து சொல்லுவேன்னு ஒரு வருசம் பாத்தேன்"ன்னாரு. கோவமா சொல்லல. பஸ் வருமான்னு பாத்த மாதிரி சொன்னாரு. எனக்கு அதைவிட ரெண்டு அறை வாங்கியிருக்கலாம்னு இருந்துச்சி.

"கம்பி அடியிலதான் இருந்துச்சி. தூண் வச்சதும் அதுக்குச் சரியாப் போச்சி. எல்லாரு வூட்டுத் தளம் மாதிரி ஆயிடுச்சி, அவ்வளவுதான்." இப்பிடிச் சொல்லிக்கினே பின்னால நடந்து ரோட்டு ஓரத்துக்குப் போனாரு. ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, கட்டைவிரலை நிமித்தினாரு. நான் சாஞ்சிருந்த தூணை மறைக்கிறாரு. நானும் சேந்துதான் மறைஞ்சிருப்பேன். விரலை அந்தப் பக்கம் நகத்தினாரு. ஒண்ணு மறைஞ்சா ஒண்ணு தெரியும். ரெண்டு தூணு, ஒரு விரலு. கையைக் கீழ போட்டுட்டுத் திரும்பி வந்தாரு.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனைப்பு. அன்னிக்கு வாளியைப் புடிச்சிக்கிட்டு நின்னியே, நெசமாவே வலிக்கலியா?"

"அப்ப வலிக்கல முசியே. இப்ப வலிக்குது."

"எங்க?"ன்னாரு, அன்னிக்குக் கேட்ட அதே மாதிரி.

பதிலு சொல்லப் பாத்தேன், அழுகை முந்திக்கிச்சி. எங்க வீட்டுக்காரருக்கு வராதது, பதினஞ்சி வருசமா வராதது, அத்தனை பேரு நடுவுல குலுங்கிக் குலுங்கி வந்துச்சி. அவரு சைக்கிளைப் புடிச்சிக்கினு, பதிலுக்காக நின்னுக்கினே இருந்தாரு. கையை எங்க வச்சிக் காட்டுறதுன்னு தெரியாம, நான் அந்தத் தூணு மேல வச்சேன்.